நான்கு டான்களும் ஒரு சானும்

எங்கள் வகுப்பில் நான்கு டான் இருக்கிறார்கள். விரிவுரையாளர் பதிவேட்டைப் பார்த்து "டான்" என்று மட்டும் கூப்பிட்டால் நான்கு தலைகள் நிமிரும். குழப்பம் வேண்டாமென்று நாங்களே அடைமொழி கொடுத்துவிட்டோம். கண்ணாடி டான், கூடைப்பந்து டான், லேட்டு டான். நான்காவது ஆள் என் லேப் கூட்டாளி. கேண்டீனில் தினமும் மீ கோரிங்தான் சாப்பிடுவான் என்பதால் மீ கோரிங் டான். இந்தக் கட்டுரையில் சும்மா டான் என்று எழுதினால் அது அவன்தான்.

அதே வகுப்பில் சான் என்று ஒரு பெண். டானும் சானும் இரண்டாமாண்டு புராஜெக்டில் ஒரே குழு. புராஜெக்ட் முடிந்த பிறகும் ஒரே குழுவாகவே இருந்துவிட்டார்கள். விஷயம் உங்களுக்கே புரிந்திருக்கும்.

நண்பர்களே, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நான் தொடக்கப்பள்ளியிலிருந்து டான்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் புளோக்கில் மட்டும் எத்தனை டான் வீடு என்று எண்ணினால் கை விரல் போதாது. ஆனால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. ஒரு சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள்தான் கேட்க வேண்டியதாயிற்று.

அன்று டான் வீட்டில் எனக்கும் சானுக்கும் மற்ற நண்பர்களுக்கும் விருந்து. அவனுடைய பாட்டி, அதாவது ஆ மா, மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் மீன் எடுத்து வைத்தார். சான்மேல் அவருக்குத் தனிப் பிரியம், பார்த்தாலே தெரிந்தது. "என்ன குடும்பப் பெயர்மா?" என்று ஹொக்கியனில் கேட்டார். "சான்." "எந்த சான்?" டான் வாயைத் திறப்பதற்குள் அவள் வெள்ளந்தியாக மாண்டரினில் சொல்லிவிட்டாள்: "காது கிழக்கு."

ஆ மா சாப்ஸ்டிக்கை மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த மேசையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. காது என்ன, கிழக்கு என்ன?

கீழே இறங்கி வரும்போது லிஃப்டில் டான் சொன்னான். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பெயர்டா."

"நீ டான். அவ சான். எப்படி ஒரே பெயர்?"

"எழுத்து ஒண்ணு."

அன்றைக்கு ஆரம்பித்தது என் ஆராய்ச்சி. பரீட்சைக்குக் கூட இவ்வளவு படித்ததில்லை என்று என் அம்மா சொன்னது உண்மைதான்.

முதலில் காதும் கிழக்கும். சீனத்தில் ஒரே ஓசையில் பல எழுத்துகள் வரும். அதனால் பெயரைச் சொல்பவர் எழுத்தின் உறுப்புகளையும் சேர்த்துச் சொல்வார். இந்தப் பெயரின் எழுத்தில் இடப்பக்கம் காது மாதிரி ஒரு உறுப்பு, வலப்பக்கம் 'கிழக்கு' என்னும் எழுத்து. (காது என்பது பார்வைக்குத்தான். உண்மையில் அது மேடு, குன்று என்ற பொருள் உள்ள உறுப்பாம்.) எனவே 'காது கிழக்கு' என்றால் சந்தேகமே இல்லை, அந்த எழுத்துதான். அதை மாண்டரினில் படித்தால் சென். ஹொக்கியனிலும் தியோச்சூவிலும் டான். கேன்டனீஸில் சான். ஹக்காவில் சின். ஃபூசோவ்காரர்கள் டிங் என்பார்கள். வியட்நாம் போனால் ட்ரான். அப்பா பெயரைப் பதிந்த குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், அவ்வளவுதான். ஒரு எழுத்து, ஆறு அடையாள அட்டை!

டானுக்கும் சானுக்கும் ஓசையில் என்ன உறவு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இதற்கு விடை நம் சமையலறையில் இருக்கிறது. சீனத்தில் தேநீருக்கு ஒரே எழுத்துதான். அதை ஹொக்கியன்காரர் 'தே' என்கிறார், கேன்டனீஸ்காரரும் மாண்டரின்காரரும் 'சா' என்கிறார்கள். ஃபூஜியான் துறைமுகங்களிலிருந்து கப்பலில் ஏறிய 'தே' ஐரோப்பாவுக்குப் போய் 'டீ' ஆனது, நம்மிடம் 'தேயிலை'யில் ஒட்டிக்கொண்டது. 'சா' வேறு வழியாகப் பயணப்பட்டு 'சாய்', 'சாயா' ஆனது. பழைய சீனத்தில் தேநீர்ச் சொல்லும் இந்தக் குடும்பப் பெயரும் ஒரே மெய்யொலியில்தான் தொடங்கின, நாக்கு நுனியில் பிறக்கும் 'ட' போன்ற ஒலி. ஃபூஜியான் பக்கத்து மொழிகள் மற்றவற்றிலிருந்து வெகு முன்பே பிரிந்ததால் பழைய ஒலியை விடவில்லை. மற்ற இடங்களில் அது 'ச' பக்கம் சாய்ந்துவிட்டது. ஆக, தேயிலைக்கும் சாயாவுக்கும் என்ன உறவோ அதேதான் டானுக்கும் சானுக்கும். இந்தச் சூத்திரம் தெரிந்தால் வகுப்புப் பட்டியலில் இன்னும் சிலதைப் பிடிக்கலாம். டே என்பவரும் செங் என்பவரும் ஒரே எழுத்தாக இருக்கலாம். தியோவுக்கும் சியோங்குக்கும் அப்படியே. சும்மா கேட்டுப் பாருங்கள், சீன நண்பர்களே அசந்துபோவார்கள்.

சரி, பெயர் எங்கே பிறந்தது? அது முதலில் ஒரு நாட்டின் பெயர். ஏறத்தாழ கி.மு. 1045இல் ஜௌ அரசர் வூ, பழைய ஷாங் வம்சத்தை வீழ்த்திப் புது ஆட்சி அமைத்தார். புது ராஜா பழைய பெருங்குடிகளையும் அணைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? புராண காலத்துச் சக்கரவர்த்தி ஷுன் வழியில் வந்தவர் என்று சொல்லப்பட்ட குய் மான் என்பவரைத் தேடிப் பிடித்து, தம் மூத்த மகளை அவருக்குக் கட்டிக்கொடுத்து, சென் என்ற சிறு நாட்டையும் கொடுத்தார். தலைநகர் வான்சியூ, இன்றைய ஹெனான் மாநிலத்தில் ஹுவாய்யாங் என்னும் ஊர். குய் மான் இறந்த பிறகு அவருக்கு வழங்கிய பட்டப் பெயர் ஹூ கோமகன். இந்த 'ஹூ'வைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இங்கே இன்னொன்று. அந்தக் காலத்தில் உயர்குடிச் சீனருக்கு ஒன்றல்ல, இரண்டு பெயர். ஒன்று 'சிங்', தாய்வேர் போன்ற குலப்பெயர். இன்னொன்று 'ஷி', நாடு, பதவி, ஊர் ஆகியவற்றால் வந்த கிளைப்பெயர். சிங் என்ற எழுத்தையே பிரித்தால் 'பெண்', 'பிறப்பு' என்று இரண்டு துண்டு. மிகப் பழைய குலப்பெயர்களில் பலவற்றின் எழுத்திலும் 'பெண்' என்ற உறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குய் அப்படி ஒன்று. ஆண்கள் வெளியில் ஷியைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், யார் பெரிய ஆள் என்று காட்ட. பெண்கள் சிங்கைச் சுமந்தார்கள், யாரை யார் கட்டலாம் என்று பார்க்க. ஆக சென் என்பது ஷி, அதன் உள்ளே இருக்கும் குலம் குய். பின்னாளில் சின், ஹான் வம்சங்களின் காலத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இன்று சீனர்கள் 'சிங்' என்று சொல்வது பெரும்பாலும் பழைய ஷியைத்தான்.

சென் நாடு பெரிய நாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன நாடு. அரண்மனைக்குள் வெட்டுக்குத்துக்கும் குறைவில்லை. கி.மு. 672இல் பட்டத்து இளவரசன் கொல்லப்பட்டதும், அவனுக்கு வேண்டியவனான சென் வான் என்ற இளவரசன் அடுத்தது தான்தான் என்று பயந்து கிழக்கே சி நாட்டுக்கு ஓடிப்போனான். அவன் வழியினர் அங்கே தியென் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அக்கால உச்சரிப்பில் சென்னும் தியென்னும் கிட்டத்தட்ட ஒன்று. நம் தேயிலைக் கணக்கு மறுபடியும்! கி.மு. 386இல் அடைக்கலம் வந்த அந்தக் குடும்பமே அடைக்கலம் கொடுத்த நாட்டின் அரியணையில் முறைப்படி ஏறிவிட்டது. தாய்நாடான சென்னோ அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே சூ நாட்டின் வாயில் போய்விட்டது. நாடு போனது, பெயர் தங்கியது. ஊர் இழந்தவர்கள் ஊரையே பெயராக்கிக்கொண்டார்கள்.

நடுவில் ஒருவரைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் யிங்சுவான் வட்டாரத்தில் சென் ஷி என்று ஒரு நேர்மையான அதிகாரி இருந்தார். ஓர் இரவு வீட்டு உத்தரத்தின்மேல் திருடன் ஒருவன் பதுங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார். கூச்சல் போடவில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் எழுப்பி உட்காரவைத்து, "மனுஷன் பிறக்கும்போதே கெட்டவன் இல்லை, பழக்கம்தான் கெடுக்குது. அதோ உத்தரத்து மேல இருக்கிற கனவான் மாதிரி" என்கிற பாணியில் பாடம் நடத்தினாராம். திருடன் தொப்பென்று குதித்து மன்னிப்புக் கேட்க, அவன் வறுமையைப் பார்த்து இரண்டு சுருள் பட்டும் கொடுத்து அனுப்பினார். இன்றும் சீனத்தில் திருடனுக்கு 'உத்தரத்துக் கனவான்' என்று ஒரு பெயர் உண்டு. இவருடைய புகழால்தான் உலகெங்கும் டான், சான் குடும்பங்கள் யிங்சுவான் என்பதைத் தங்கள் மூலஊர்ப் பெயராக வாசலிலும் கல்லறையிலும் எழுதுகிறார்கள். ஹொக்கியனில் அது எங் சுவான். பினாங்கில் உள்ள டான் கொங்சியின் பெயரும் எங் சுவான் தோங்தான்.

வடக்கில் பிறந்த பெயர் தெற்கில் எப்படிக் கொழுத்தது? போர், பஞ்சம், படையெடுப்பு என்று ஒவ்வொரு முறை வடக்கு கலங்கும்போதும் மக்கள் தெற்கே நகர்ந்தார்கள். கி.பி. 557இல் சென் பாசியான் என்ற தளபதி தெற்கில் அரசு அமைத்துத் தம் பெயரையே வம்சத்துக்கு வைத்தார். அது 589 வரை நீடித்தது. பிறகு டாங் காலத்தில், 669இல் தந்தையோடு படைகளை நடத்திக்கொண்டு ஃபூஜியானுக்கு வந்தவர் சென் யுவான்குவாங். அவருடைய முயற்சியால் 686இல் ஜாங்ஜோவ் மாவட்டம் உருவானது. 711இல் போரில் இறந்தார். இறந்த பிறகு ஜாங்ஜோவைத் திறந்துவைத்த புனித அரசர் என்று தெய்வமாகிவிட்டார். நம் ஊர் ஹொக்கியன் டான்களில் பலருக்கு அவர்தான் குலசாமி மாதிரி. மேகசின் சாலையில் டான் சி சோங் சூ என்று ஒரு பழைய கோயில் இருக்கிறதே, 1876இல் தொடங்கி 1878இல் கட்டி முடித்தது, அது அவருக்காகத்தான். கட்ட முன்னின்றவர்களில் ஒருவர் டான் கிம் சிங். அவருடைய அப்பாவை உங்களுக்குத் தெரியும். மலாக்காவிலிருந்து வந்து காய்கறி விற்றுப் பிழைப்பைத் தொடங்கி, 1844இல் ஏழைகள் மருத்துவமனைக்குப் பணம் கொடுத்த டான் டோக் செங்!

டான்களின் கூட்டுக்குடும்பக் கதையும் ஒன்று உண்டு. ஜியாங்சி மாநிலத்தில் ஒரு சென் குடும்பம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொத்தைப் பிரிக்காமல் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டதாம், கடைசியில் மூவாயிரம் பேருக்கும் மேல்! அவர்கள் வீட்டு நாய்கள் நூறும் ஒரே தொட்டியில்தான் சாப்பிடும், ஒன்று வராவிட்டால் மற்றவை வாய் வைக்காது என்று கதை. நாய் சமாசாரத்தை நான் நம்பவில்லை. மூவாயிரம் பேர் சமாசாரத்தைச் சீன அரசாங்கமே நம்பியிருக்கிறது, நம்பிப் பயந்தும் இருக்கிறது. 1062இல் பேரரசர் ஆணையிட்டு அவர்களைப் பிரித்து நாடு முழுக்கக் குடியேற்றிவிட்டார். பெயர் பரவ இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது எண்ணிக்கை. சீனாவில் முதல் ஐந்து பெயர்கள் வாங், லி, ஜாங், லியூ, சென். 2020 தொடக்கத்தில் அந்நாட்டுப் பொதுப் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கைப்படி இந்த ஐந்து மட்டும் மக்கள்தொகையில் 30.8 விழுக்காடு. ஐந்தாவதான சென் மட்டுமே ஆறு கோடியைத் தாண்டும். ஆனால் தெற்கே வர வர வரிசை மாறுகிறது. குவாங்டோங், ஃபூஜியான், தைவான் ஆகிய இடங்களில் சென்தான் முதலிடம். தைவானில் நூற்றுக்குப் பதினொரு பேர். வியட்நாமில் ட்ரான் இரண்டாம் இடம். சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஃபூஜியானிலிருந்தும் குவாங்டோங்கிலிருந்தும் கப்பலேறியவர்கள். அதனால் இங்கே சீனரிடையே டான் முதலிடம், அடுத்து லிம், அடுத்து லீ. எங்கள் வகுப்பில் நான்கு டான் இருப்பது தற்செயல் இல்லை, புள்ளிவிவரம்.

இவ்வளவு பெரிய தேசத்தில் இவ்வளவு கொஞ்சம் பெயர்களா என்று தோன்றும். நம் கணிதப் பாடத்துக்கு நெருக்கமான விடை இதற்கு உண்டு. பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. மகன் இல்லாத வீட்டில் பெயர் நின்றுவிடும். இதைக் கணக்காகப் போடுங்கள் என்று 1873இல் கால்டன் என்ற ஆங்கிலேயர் கேள்வி எழுப்ப, வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடினார். தலைமுறை ஏற ஏறச் சின்னப் பெயர்கள் ஒவ்வொன்றாக அணையும், பிழைத்தவை பெருக்கும் என்பதுதான் சாரம். சீனரின் பெயர்கள் மூவாயிரம் ஆண்டு, அதாவது நூறு தலைமுறைக்கு மேல், இந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டவை. ஜப்பானில் பொதுமக்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயர் கட்டாயமானது 1875இல்தான். சலிக்க நேரம் போதவில்லை. அங்கே பெயர்கள் எக்கச்சக்கம். நமக்கோ சல்லடையே இல்லை. என் பெயருக்குப் பின்னால் இருப்பது என் அப்பா பெயர், அவர் பெயருக்குப் பின்னால் என் தாத்தா பெயர். ஒவ்வொரு தலைமுறையும் புதுக் கணக்கு. பாரம் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று கட்டம் வந்தால் நாம் விழிப்பது இதனால்தான்.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகும் மேசையில் வைத்த சாப்ஸ்டிக் அப்படியேதான் இருந்தது. ஏனென்றால் ஒரே சிங்குக்குள் கல்யாணம் கூடாது என்பது ஜௌ காலத்து விதி. டாங் சட்டத்தில் மீறினால் இருவருக்கும் இரண்டு ஆண்டு கடும் உழைப்பு. மிங், சிங் வம்சச் சட்டங்களில் ஆளுக்கு அறுபது பிரம்படி, அப்புறம் கட்டாயப் பிரிவு. 1910இல்தான் அந்த விதியைத் தூக்கினார்கள். தென் கொரியாவில் ஒரே பெயரும் ஒரே மூலஊரும் உள்ளவர் மணக்கக் கூடாது என்ற சட்டம் 1997 வரை இருந்து, அவ்வாண்டுதான் அரசியல் சாசன நீதிமன்றத்தில் விழுந்தது. சிங்கப்பூரின் மாதர் சாசனம் உறவைத்தான் பார்க்கிறது, பெயரைப் பார்ப்பதில்லை. சட்டம் கையை விட்டுவிட்டது, ஆ மா விடவில்லை.

டான் பாவம், சாப்பாடே பாதியாகிவிட்டது. மீ கோரிங் தட்டு மிச்சமாவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை நானே நோட்டுப் புத்தகத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். நான் பேச, அவன் ஹொக்கியனில் சொல்ல ஏற்பாடு.

முதல் வாதம், ஆறு கோடிப் பேர் எப்படி ஒரே ரத்தம்? 496இல் வடக்கு வெய் பேரரசர் தம் சியன்பெய் மக்களின் நீளநீளமான பெயர்களைச் சீனப் பெயர்களாகச் சுருக்கியபோது, ஹோவ்மோசென் என்ற குலம் முழுவதும் சென் ஆனது. அவர்களுக்கும் குய் மானுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஜாக்கி சானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அப்பா சீனாவிலிருந்து ஹாங்காங் போனபோது சான் என்று மாற்றிக்கொண்டவர், பழைய பெயர் ஃபாங். ஆ மா ஜாக்கி சான் படங்கள் நிறையப் பார்த்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவனுக்குச் சரி. இந்தப் பொண்ணோட அப்பா பெயரை மாத்தினாரா?" என்றார். மாற்றவில்லை.

இரண்டாவது வாதம், வியட்நாம். ஃபூஜியானிலிருந்து போன ட்ரான் குடும்பத்தில் ஒரு பையன் லீ வம்சத்துச் சிறுமி அரசியைக் கட்டி 1225இல் நாட்டையே வாங்கிவிட்டான். கல்யாணத்தால் வந்தது கல்யாணத்தால் போய்விடக் கூடாதென்று அந்த அரச குடும்பம் தங்களுக்குள்ளேயே பெண் எடுத்தது. ட்ரான் ஆணுக்கு ட்ரான் பெண். அப்படி இருந்தும் 1258, 1285, 1288 என்று மூன்று முறை மங்கோலியரை விரட்டியவர்கள் அவர்கள்தான். "அப்புறம் என்ன ஆனாங்க?" என்று கேட்டார் ஆ மா. உள்ளதைச் சொல்ல வேண்டியதாயிற்று. 1400இல் அரியணையைப் பறித்தவர் தாய்வழிச் சம்பந்தி ஒருவர். ஆ மா ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் ஊற்றினார்.

பிறகு அவர் என்னைக் கேட்டார். "உங்க ஆளுங்க எப்படி?" நான் உஷாராக இருந்திருக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எங்களுக்கு அண்ணன் தங்கை, நினைத்தே பார்க்க முடியாது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் முறை, கட்டலாம். என் அம்மாவே என் அப்பாவுக்கு மாமன் மகள்தான் என்று பெருமையாகச் சொன்னேன். டான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க ஆ மாவின் முகம் மலர்ந்தது. தொடையில் தட்டி, "அதேதான்! எங்க கிராமத்துலயும் அதேதான்!" என்றார். சீனத்தில் அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் 'டாங்', ஒரே மண்டபத்துக்காரர்கள், தொடக் கூடாது. அத்தை, மாமன் பிள்ளைகள் 'பியாவ்', வெளியார், பெயர் வேறு. பழைய காலத்தில் பியாவ் கல்யாணம் சர்வ சாதாரணம். சீனாவின் 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம்தான் அதையும் தடை செய்தது. "இந்தியப் பையனுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?" என்று பேரனைத் திட்டினார். உதவி செய்யப் போன நான் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். டான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் அந்த ஹூ. ஞாபகம் இருக்கிறதா? குய் மானின் பட்டப் பெயர். அவர் வழியினரில் சிலர் அந்தப் பட்டத்தையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள் என்பது ஹூ குடும்பங்களின் மரபு. ஆக பழைய கணக்கில் சென், தியென், ஹூ எல்லாம் ஒரே குய் குலம். ஹூ என்ற எழுத்தை ஹொக்கியனில் ஓ என்பார்கள். டைகர் பாம் ஆ பூன் ஹாவின் 'ஆ'வும் இதே எழுத்துதான். சீனப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. ஆ மாவின் அடையாள அட்டையில் இருக்கும் பெயர் என்ன என்று நான் ஒருநாள் சும்மா கேட்டுவைத்தேன்.

ஓ.

டானுக்குக் கண் ஜொலித்தது. நான் வேண்டாம் என்றேன். எழுபத்தெட்டு வயசுப் பாட்டியிடம் போய், நீங்களே ஒரே குலத்துக்குள் கட்டியவர்தான் என்று சொல்வதா? தவிர இது மூவாயிரம் வருஷத்து வம்சாவளி. அதில் பாதி, ராஜா வழியில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் எழுதியது என்பது என் அபிப்பிராயம். ஷுன் சக்கரவர்த்தி இருந்தாரா என்பதே புராணம். ஆனால் அவன் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில், மரியாதையாகத்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நானும் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பார்த்தேன்.

ஆ மா வெகு நேரம் பேசவில்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தாத்தாவின் படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதனாலதான் உங்க தாத்தாவோட ஐம்பது வருஷம் சண்டை."

அவருடைய மருமகள்தான் முதலில் சிரித்தது. டான் விடவில்லை. சண்டை போட்டாலும் அஞ்சு பிள்ளை பெத்தீங்களே என்றான். அதற்கும் ஒரு அடி விழுந்தது, லேசாக.

'ஆகட்டும்' என்று அவர் சொல்லவில்லை. சாமியைக் கேட்கிறேன் என்றார். எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் இதுவும் பழைய விதியில் இருக்கிறது. சடங்கு நூலில், கொண்டுவரும் பெண்ணின் சிங் தெரியவில்லையானால் குறி கேள் என்று ஒரு வாசகம் உண்டு. ஆ மா அதைப் படித்தவர் இல்லை. படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

மேகசின் சாலைக்கு நான்கு பேர் போனோம். ஆ மா, டான், சான், நான். சான் ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டாள். அந்தப் பெண் தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைப் படத்தையும் கொண்டுவந்திருந்தாள், அதில் என்ன எழுதியிருந்தது என்று நினைக்கிறீர்கள்? யிங்சுவான்தான். ஆ மா ஊதுவத்தி ஏற்றி, முணுமுணுவென்று நிலைமையை விளக்கி, பிறை வடிவக் கட்டை இரண்டையும் தரையில் போட்டார். ஒன்று குப்புற ஒன்று மல்லாக்க விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் முதுகைக் காட்டினால் கூடாது. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே வந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வி சரியில்லை, மறுபடி கேள் என்று அர்த்தம்.

இரண்டும் தட்டைப் பக்கம் மேலே.

டான் குனிந்து கட்டைகளை எடுத்துக் கொடுத்தான், மறுபடி போடச் சொல்லி. ஆ மா வாங்கவில்லை. "அவரே சிரிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சில் இரண்டை எடுத்துச் சானின் கையில் வைத்தார். டாக்ஸியில் ஏறிய பிறகு அவளிடம் மாண்டரினில் கேட்டார், உங்கள் வீட்டில் மீனுக்கு இஞ்சி போடுவீர்களா என்று.